போலந்தில் அரிசி இல்லை

அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, கணக்கு டீச்சர் ராஜாம்பாள் வீட்டுக்கு வழி கேட்டால், "போலந்து சாமிநாதன் வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் சாமிநாதன்கள் நிறைய. எல்.ஐ.சி. சாமிநாதன் உண்டு, பம்புசெட் சாமிநாதன் உண்டு. போலந்துக்குப் போய் வந்தவர் ஒருத்தர்தான்.

அறுபத்தொன்பதாம் வருஷம், வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இளம் இன்ஜினீயராக இருந்த ஸ்வாமிநாதனைக் கம்பெனி ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பியது. கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்: "சாமிநாதா, அந்தப் போலந்துக் கதையைச் சொல்லேன்." அவர் சொல்வார். பனி முழங்கால் வரைக்கும். சாதம் கண்ணால் பார்க்கக் கிடையாது. கடையில் தொங்குவது பூராவும் மாமிசம். ஆறு மாசமும் உருளைக்கிழங்கு, ரொட்டி, பால். "ஒரு முட்டை? ம்ஹூம். கையால தொட்டதில்லை." பந்தி முழுக்க உச்சுக் கொட்டும். பாயசம் அவருக்கு ஒரு கரண்டி கூடவே விழும்.

அந்த ஆறு மாதத்தில் ராஜாம்பாள் என்ன சாப்பிட்டாள் என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதிதான். அதை ஸ்வாமிநாதன் சொல்ல மாட்டார். மற்றவர்கள் சொல்வார்கள்.

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. மடியில் கைக்குழந்தை ஸ்ரீசரண். "இங்கே அரிசி இல்லை" என்று கணவரிடமிருந்து தகவல் வந்த அன்று மத்தியானம் அவள் இலையில் விழுந்த சாதத்தைத் தள்ளி வைத்தாள். அவருக்கு இல்லாத சாதம் எனக்கு எதுக்கு என்றாள். வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் வயல். தை அறுவடை முடிந்து புது நெல் வந்து இறங்கியது. பக்கத்து வீடுகளில் உலை கொதிக்கும் வாசனை வந்தது. அவள் கோதுமைக் கஞ்சி குடித்தாள். பிள்ளை பெற்றவள் உடம்பு, தாய்ப்பால் நின்றுபோயிற்று. லேடி டாக்டர் கத்தினாள். மாமியார் அழுதாள். டப்பாப் பால் வாங்கினார்கள். ஸ்ரீசரண் ஓட்டமும் நடையுமாகத் திரிகிற வயதில்கூடத் தெருவில் "டப்பாப்பால் பிள்ளை" என்றுதான் அவனுக்குப் பெயர்.

ஸ்வாமிநாதன் திரும்பி வந்தபோது கன்னம் உப்பி இருந்தார். "குளிர் தேசத்துல உடம்பு ஊதிப்போகும்டீ" என்று மாமியார் விளக்கம் சொன்னாள். அன்றைக்கு எல்லாரையும் உட்கார வைத்து, இவள் இருந்த விரதத்தை அவரிடம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்தது. நெய் விட்டுப் பிசைந்த சாதத்தை அவரே எடுத்து அவள் கையில் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் வடக்கே வேலைக்குத் திரும்பிப் போனார். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தார். ராஜாம்பாள் அம்பாசமுத்திரத்திலேயே பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு மகனை வளர்த்தாள். கல்யாணம் ஆன கையோடு ஸ்ரீசரண் பம்பாயில், செம்பூரில் குடியேறினான். மனைவி ப்ரீத்தி. ஒரு பிள்ளை பிறந்தது, ஸ்ரீராகவ்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த சமயம் ராஜாம்பாளும் ஸ்வாமிநாதனும் பார்க்கப் போனார்கள். போன மறுநாள் காலை, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த ஸ்வாமிநாதன் அப்படியே நின்றார். கதவுத் தட்டில் முட்டைகள் வரிசையாக இருந்தன.

"டாக்டர் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னார்ப்பா" என்றான் ஸ்ரீசரண். ஃப்ரிட்ஜ் கதவைத் தானே மூடிவிட்டு, "நானும் சாப்பிடறேன்" என்றான்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"பனியில விறைச்சு செத்தாலும் சாவேன்னு இருந்தவன்டா நான். பக்கத்துத் தட்டுல அவன் அவன் என்னென்னவோ திங்கறான், நான் உருளைக்கிழங்கைத் தின்னுண்டு உட்கார்ந்திருந்தேன். அவ இங்கே பட்டினி கிடந்தா. எங்க ரெண்டு பேருக்கும் பிறந்துட்டு, உனக்கு நாக்கு கேட்கறதா? இனிமே இந்த ஆத்துல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

மத்தியானமே பெட்டியோடு இறங்கிவிட்டார். ராஜாம்பாளும் இறங்கினாள். ப்ரீத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கட்டு வரை வந்தாள். குழந்தை பாட்டியைப் பார்த்துக் கையை நீட்டியது. பேச்சுவார்த்தை இல்லாமல் ஐந்து வருஷம் போயிற்று. அதற்குள் ஒரு முறை, எஸ்.டி.டி. பூத்திலிருந்து ராஜாம்பாள் அந்த வீட்டு எண்ணைச் சுழற்றினாள். "ஹலோ, யாரு?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். அன்று பதினோராம் வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கு தப்பாகப் போயிற்று. அவள் கணக்கு தப்பிப் பிள்ளைகள் பார்த்தது அன்றைக்குத்தான்.

தொண்ணூற்றேழில் போலந்திலிருந்து ஸ்வாமிநாதனுக்கு அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரையும் சுரங்க நகரம் ஒன்றில் கூட்டுகிறார்கள், மனைவியோடு வரலாம் என்று. அவர் வேண்டாம் என்றார். "அங்கே என்ன இருக்கு? குளிரும் கரியும்." ராஜாம்பாள் விடவில்லை. அவள் விமானம் ஏறியதில்லை. தங்க இடம் கொடுத்து ஆறு மாதம் அவரை உயிரோடு வைத்திருந்த அந்தப் போலந்து வீட்டுக்காரியை ஒரு முறை பார்த்துக் கும்பிட வேண்டும் என்றாள். காலாண்டு விடுமுறை சரியாகப் பொருந்தி வந்தது. மறுக்க அவருக்குக் காரணம் அகப்படவில்லை.

டிக்கெட் எடுக்கத் திருநெல்வேலி ஜங்ஷனில் ஹபீப் முகம்மதுவின் டிராவல்ஸுக்குப் போனார்கள். அவர் தங்கை ராஜாம்பாளிடம் படித்தவள்.

"என்ன டீச்சரம்மா, எல்லாவனும் துபாய், சிங்கப்பூர்னு வாரான். நீங்க போலந்துங்கீய. அங்கன என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. அரிசி கூடக் கிடைக்காது."

"அரிசி கிடைக்காத ஊருக்கா இம்புட்டு துட்டு குடுத்துப் போறீய? நல்லாருக்கு போங்க." டிக்கெட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "போவயிலயும் வரயிலயும் பம்பாய்லதான் மாறணும். மவன் அங்கனதானே இருக்காரு, நாலு நாள் இருந்துட்டு வரலாம்லா?"

"நேரா வர்ற மாதிரி போடுங்கோ" என்றார் ஸ்வாமிநாதன்.

போகும் வழியில் பம்பாய் விமான நிலையத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வழியனுப்ப வந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். ராஜாம்பாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறோம், யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்துதான் பார்த்தாள்.

அவள் பெட்டியில் பருப்புப்பொடி இருந்தது, புளிக்காய்ச்சல் இருந்தது, ஒரு சின்ன மின்சாரக் குக்கர் இருந்தது. சுரங்க நகரத்து ஓட்டலில் அதைச் செருகியதும் அந்த மாடி பூராவும் விளக்கு அணைந்தது. துணிப்பை ஒன்றில், பிரிக்காமல், தங்கள் வயலில் விளைந்த அம்பை பதினாறு அரிசியும் இருந்தது. அது அந்த வீட்டுக்காரிக்கு. வாழ்நாளில் அரிசியைப் பார்க்காத ஒருத்திக்கு அரிசியை விடப் பெரிதாக எதைக் கொண்டுபோவது?

"அந்தக் கிழவி எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பா" என்று ஸ்வாமிநாதன் ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். சேரவில்லை. கூட்டத்தின் இரண்டாம் நாள், நாற்பது வயதுக்காரி ஒருத்தி வாசலில் நின்று அவர் பெயரைச் சரியாக உச்சரித்துக் கேட்டாள். பெயர் பாசியா. வீட்டுக்காரி சோஃபியாவின் மகள். ஸ்வாமிநாதன் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். இப்போது கிராக்கோ நகரத்துக்குக் குடிபோய், அங்கே அவளே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள். செய்தித்தாளில் கூட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ரயில் பிடித்து வந்திருந்தாள். கடைசி நாள் உங்களுக்கு ஓய்வுதானே, கிராக்கோவுக்கு வாருங்கள், நான் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், மத்தியானம் அம்மா சமையல் என்றாள்.

"அம்மா இருக்கிறாளா?" என்று ராஜாம்பாள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எழுபத்தைந்து வயது. மூன்று மாடி ஏறி இறங்குகிறாள்."

ராஜாம்பாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஸ்வாமிநாதன் தொண்டையைச் செருமினார்.

அந்த ஒரு நாள்தான் அவர்களுக்குக் கிராக்கோவில் கிடைத்தது. காலை ரயிலில் போய் இறங்கினார்கள். மரங்கள் வளைத்து நின்ற ஒரு பூங்காவைத் தாண்டி, கோட்டை வாசலுக்குள் நுழைந்து, நேர் தெருவில் நடந்தால் திடீரென்று வானம் திறந்துகொண்டது. அப்படி ஒரு சதுக்கம். நெல்லையப்பர் கோயில் நான்கு ரத வீதியையும் பிரித்து ஒரே இடத்தில் விரித்தாற்போல் இருந்தது. நடுவில் நீளமாக ஒரு பழைய துணிச் சந்தை. வளைவு வளைவாக வாசல். உள்ளே இரண்டு பக்கமும் கடைகள், மரப்பெட்டி, சரிகைத் தொப்பி, தேன் நிறத்தில் கல் வைத்த மாலைகள்.

"டவுண்ல துணிக்கடை வீதிக்குக் கூரை போட்டா இப்படித்தான் இருக்கும்" என்றாள் ராஜாம்பாள். கடைக்காரி ஒருத்தி அவள் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துத் தன் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டாள். ராஜாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து ஸ்வாமிநாதன் பார்த்து வெகு நாளாயிற்று. ஆனால் அவர் பார்க்கவில்லை. பாசியாவுக்கும் இவளுக்கும் நடுவில் வந்து வந்து நடந்துகொண்டிருந்தார். பாசியா இவளிடம் ஏதாவது கேட்டால் அவர் பதில் சொன்னார்.

மணி அடித்தது. சதுக்கத்து மூலையிலிருந்த உயரமான மாதா கோயில் கோபுரத்திலிருந்து யாரோ எக்காளம் ஊதினார்கள். பாட்டு பாதியில் சட்டென்று நின்றது.

"ஏன் நிறுத்திவிட்டான்?"

"பழைய கதை" என்றாள் பாசியா. "படை வருகிறது என்று ஊருக்குச் சொல்ல ஒருவன் ஊதினான். தொண்டையில் அம்பு பட்டது. அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றைக்கும் நிறுத்துகிறோம்."

"மீதிப் பாட்டு யாருக்கும் தெரியாதா?"

பாசியா யோசித்தாள். "இந்தக் கேள்வியை என் மாணவர்கள் யாரும் கேட்டதில்லை."

"கணக்கு டீச்சர். பாதியில விட்டா எங்களுக்குத் தாங்காது."

இரண்டு வாத்தியார்களும் அதற்குப் பிறகு கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். தள்ளுவண்டியில் வளையம் வளையமாக முறுக்கிய ரொட்டி விற்றார்கள், மேலே எள் தூவியிருந்தது. முட்டை உண்டா என்று ராஜாம்பாள் கேட்டாள். இல்லை என்று பாசியா விசாரித்துச் சொன்னாள். அம்பாசமுத்திரத்து ஓட்டலிலேயே காப்பி குடிக்காத ராஜாம்பாள் நடுத்தெருவில் நின்று அந்த வளையத்தைப் பிய்த்துத் தின்றாள். சூடாக இருந்தது, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று.

"நன்னாருக்கு. ஒரு வாய் சாப்பிடுங்கோ."

"வேண்டாம். வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்றார் ஸ்வாமிநாதன்.

குன்றின் மேல் இருந்த அரண்மனைக்கு ஏறினார்கள். ராஜாக்களைப் புதைத்த இடத்தைப் பார்த்தார்கள். அடிவாரத்தில், நெருப்பு மூச்சு விடும் இரும்பு டிராகன் ஒன்றைச் சுற்றிக் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. அகலமாக, அவசரமில்லாமல் ஆறு வளைந்து போனது. "தண்ணி தாமிரபரணி மாதிரி தெளிவா இல்லை" என்று ராஜாம்பாள் தீர்ப்புச் சொன்னாள். உச்சிப் பொழுது தாண்டியது. பாசியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஸ்வாமிநாதனுக்குத் திடீரென்று ஊரைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. இன்னொரு தேவாலயம் பார்க்கலாம் என்றார். பழைய பல்கலைக்கழகம் பார்க்கலாம் என்றார். அதுவும் எடுபடாமல், "இங்கே பால் பார்னு ஒண்ணு உண்டு ராஜம், சுத்த சைவமா கிடைக்கும். அங்கேயே முடிச்சுண்டுடலாம். வயசானவளுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்றார்.

"நேத்திலேர்ந்து சமைச்சிண்டிருக்காளாம். போகாம இருக்கறதா? நீங்க அவாத்து உப்பைத் தின்னவர்."

"எனக்கு வயிறு சரியில்லைங்கறேனே."

"மோர் வாங்கிக் குடியுங்கோ."

ட்ராமில் போனார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ராஜாம்பாள் மடியில் அரிசிப் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மூன்றாம் மாடிக் கதவு தட்டும் முன்பே திறந்தது. குள்ளமாக, கன்னம் சிவந்து, பூப்போட்ட மேலங்கியோடு சோஃபியா நின்றாள். ஸ்வாமிநாதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அவர் பதறி ராஜாம்பாளைப் பார்த்தார். ராஜாம்பாளுக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஒரு தாயார் அப்படித்தான் செய்வாள்.

உட்காருவதற்கு முன் ராஜாம்பாள் பையைப் பிரித்தாள். மேஜை மேல் வைக்காமல் இரு கையாலும் நீட்டினாள். ட்ராமில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இது எங்கள் வயலில் விளைந்தது. இங்கே அரிசி கிடையாது என்று தெரியும். கிடையாத ஊரில் இவருக்கு உருளைக்கிழங்கும் பாலும் கொடுத்து, வேறு எதையும் தொடாமல் ஆறு மாதம் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். நான் மறக்கவில்லை."

பாசியா போலிஷில் சொன்னாள். பாதி சொல்லும்போதே அவள் குரல் தயங்கியது. கிழவி பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள், விரலிடுக்கில் வழிய விட்டாள், மோந்து பார்த்தாள். பிறகு ஸ்வாமிநாதனைப் பார்த்து விரலை ஆட்டிச் சிரித்தாள். என்னவோ சொன்னாள்.

"நல்ல அரிசி என்கிறாள்" என்றாள் பாசியா. "அப்புறம், இங்கே அரிசி கிடையாது என்று யார் சொன்னது என்று கேட்கிறாள்."

"ராஜம், கிழவிக்குக் காது மந்தம். நீ உட்காரு" என்றார் ஸ்வாமிநாதன் தமிழில்.

சோஃபியா அடுப்பிலிருந்து பெரிய சட்டியைத் தூக்கி வந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். முட்டைக்கோஸ் இலையில் கட்டிய உருண்டைகள், தக்காளிக் குழம்பில் கிடந்தன. ஒன்றை எடுத்து ஸ்வாமிநாதன் தட்டில் வைத்து, கத்தியால் குறுக்கே வெட்டி, ராஜாம்பாள் பக்கம் தட்டைத் திருப்பிக் காட்டினாள்.

உள்ளே சாதம். வெந்து மலர்ந்த வெள்ளைச் சாதம். அதோடு கலந்து பழுப்பாக இன்னொன்று.

"அது என்ன?"

பாசியா சொல்லத் தயங்கினாள். ராஜாம்பாள் அவள் கண்ணையே பார்த்தாள், வகுப்பில் பதில் வராத பெண்ணைப் பார்ப்பது போல.

"பன்றி இறைச்சி. அரைத்தது."

"இவர் இதைச் சாப்பிட்டாரா?"

கிழவிக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பேச ஆரம்பித்துவிட்டாள். பாசியா மொழிபெயர்த்துக்கொண்டே பின்னாலேயே ஓடினாள். முதல் வாரம் பையன் எதையும் தொடவில்லை. ராத்திரி அழுதான். எனக்குப் பயமாகப் போய்விட்டது, யார் பெற்ற பிள்ளையோ, என் வீட்டில் செத்துப்போனால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தேன். இலையைப் பிரித்தான். அரிசியை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றான். அடுத்த ஞாயிறு பொறுக்கவில்லை. அப்புறம் இவனுக்கென்றே அரிசியைக் கூட்டிப் போட்டேன். கடைசியில் தனிச் சட்டி.

"என் பங்கையும் வாங்கிக்கொள்வார்" என்று தன் பங்குக்குப் பாசியாவும் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு மேஜையில் யாரையும் போய்ச் சேரவில்லை என்று கண்டு நிறுத்தினாள்.

"வேற யாரையோ நினைச்சுண்டு பேசறா" என்றார் ஸ்வாமிநாதன். "நிறைய பேர் தங்கியிருக்கான். வயசாயிடுத்து பாரு." சொல்லிக்கொண்டே தட்டைக் கிழவி பக்கம் தள்ளி, போலிஷில் நாலு வார்த்தை சொன்னார். கிழவி திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். அவருக்குப் போலிஷ் இத்தனை சரளமாக வரும் என்று ராஜாம்பாளுக்கு அதுவரை தெரியாது.

அவளுக்கென்று தனியாகத் தட்டு வந்தது. கொத்துமல்லி மாதிரி ஏதோ கீரை தூவின உருளைக்கிழங்கு, ஒரு கிண்ணம் கெட்டி மோர். ராஜாம்பாள் கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டாள். சமைத்தவள் மேல் என்ன தப்பு? எழுந்து போய்த் தட்டைத் தானே கழுவி வைத்தாள். கிளம்பும்போது கிழவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சோஃபியா பயந்துபோய் அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பாசியா ஏதோ புரிந்தவளாக, ஆற்றங்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள், நான் ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரையில் கல் பாவிய நடைபாதை. ராஜாம்பாள் முன்னால் போனாள்.

"ராஜம், நில்லேன்."

அவள் நிற்கவில்லை.

"உசிருக்காகத்தான் சாப்பிட்டேன். அந்தக் குளிரை நீ பார்க்கலை. வெறும் கிழங்கைத் தின்னுட்டு சுரங்கத்துக்குள்ள இறங்க முடியலைடீ."

"சாப்பிட்டது தப்புன்னு யார் சொன்னா?" அவள் திரும்பினாள். "அங்கே இருந்தா நானே ஊட்டியிருப்பேன்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது.

"வந்த அன்னிக்கு எல்லாரும் சொன்னாளே, நான் சாதம் தொடலைன்னு. குழந்தைக்குப் பால் இல்லாமப் போச்சுன்னு. அழுதேளே. எதுக்கு அழுதேள்?"

அவர் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். பைத்தியம் மாதிரி இருந்துட்டேனேன்னு சிரிச்சிருப்பேன். நெய் சாதத்தைக் கையில வெச்சேள். நானும் அதை ஒரு பெரிய விஷயமா நினைச்சுண்டு..." கையை உதறினாள். "அது போகட்டும். அது எனக்கு. சரண்கிட்ட என்ன சொன்னேள்? முட்டை! அந்தக் குழந்தை படியில நின்னு கையை நீட்டித்து. உங்களை நம்பி நான் திரும்பிப் பார்க்காம இறங்கினேன்."

"அம்மா, பாட்டி எல்லாரும் இருந்தா. சொல்ல தைரியம் வரலை. அப்புறம் சொல்லச் சொல்ல... நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் ராஜம். சத்தியமா."

அது நிஜமாகக்கூட இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் எரிச்சல் குறையவில்லை.

அவர் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தினார், அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல.

"ஒண்ணே ஒண்ணு. சரண்கிட்ட சொல்லிடாதே. நீ என்னை என்ன வேணாலும் சொல்லு. அவன் முன்னாடி என்னால தலைநிமிர முடியாது."

ராஜாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தான் இவருக்கு யாராக இருந்தோம் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த ஊர் சனத்தில் ஒருத்தி. கூட உச்சுக் கொட்டியவள்.

ஸ்டேஷன் வாசலில் பாசியா கையில் ஒரு காகிதப் பையோடு நின்றாள். வழியில் தின்ன வளைய ரொட்டி வாங்கியிருந்தாள். ராஜாம்பாள் அதை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"இங்கிருந்து இந்தியாவுக்குப் பேச முடியுமா?"

பாசியா போய் ஒரு டெலிபோன் அட்டை வாங்கி வந்து, சுவரில் தொங்கிய நீலப் பெட்டியில் சொருகினாள். எண் என்ன என்றாள். ராஜாம்பாள் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

"யாருக்கு?" என்றார் ஸ்வாமிநாதன். அவருக்குத் தெரியும்.

மணி வெகு தூரத்தில் அடித்தது. எடுத்தது ப்ரீத்தி.

"ப்ரீத்தி, நான்தான். அம்பாசமுத்திரத்து அம்மா." அந்தப் பக்கம் என்னவோ விழுந்து உடைந்தது. "பதறாதே, எல்லாரும் சௌக்கியம். வியாழக்கிழமை பம்பாய்ல இறங்கறேன். ஆமா, உங்காத்துக்குத்தான். கொஞ்ச நாள் இருப்பேன். சரண் இருக்கானா?"

காத்திருந்தாள். ஸ்வாமிநாதன் அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்று தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. கண் கெஞ்சியது.

"அம்மா?" என்றது குரல். ஐந்து வருஷத்தில் அது கனத்துப் போயிருந்தது.

"சரண், அப்பா உன்னண்ட ஒண்ணு பேசணும்கறார்" என்று சொல்லி, ராஜாம்பாள் ரிசீவரை நீட்டினாள்.

அவர் பின்வாங்கினார். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். கடைசியில் வாங்கிக் காதில் வைத்தார்.

"சரண்... ம். சௌக்கியம்தான். நீ? குழந்தை?" ராஜாம்பாளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "இங்கே நல்ல குளிர்டா. ஆமா, சுத்திப் பார்த்தோம். ஒரு பெரிய கோட்டை இருக்கு... சரி. அம்மாட்ட கொடுக்கறேன்."

ராஜாம்பாள் ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அட்டையில் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாசியாவிடம் சைகையால் கேட்டாள். நிறைய இருக்கிறது என்று பாசியா விரலை விரித்துக் காட்டினாள்.

"சரண், லைன்ல இருக்கியா?" என்றாள் ராஜாம்பாள். "அப்பா சொல்லலை. நான் சொல்றேன், கேளு."